எதிர் மேசை காலியான பிறகு

வாசகி கேட்டிருப்பது: நான் தென்மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் வரலாற்றுத் துறை உதவிப் பேராசிரியை. பதினேழு வருடம் எனக்கு எதிர் மேசையில் இருந்த மூத்த பேராசிரியர் போன மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டார். 56 வயது. கல்வெட்டுதான் அவருடைய துறை. எந்த ஊர் மாணவர் வந்து கேட்டாலும் தன் குறிப்பேட்டையே எடுத்துக் கொடுத்துவிடுவார். யாருடைய கட்டுரையானாலும் சிவப்பு மையில் வரிவரியாகத் திருத்தித் தருவார். நினைவு மலர் போட வேண்டும், நீங்களே பதிப்பாசிரியர் என்று முதல்வர் சொல்லிவிட்டார். மாத முடிவுக்குள் அவர் இடத்தைக் காலி செய்யவும் சொல்கிறார்கள். அவருடைய மனைவி (எனக்கு அக்கா மாதிரி, அக்கா என்றுதான் கூப்பிடுவேன்), "உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கோங்க" என்கிறார். சாரும் நானும் சேர்ந்து எழுதிய கட்டுரை பாதியில் நிற்கிறது. அவரிடம் பதிவு செய்த இரண்டு முனைவர் பட்ட மாணவர்கள் தவிக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் "பெருந்தன்மையானவர்" என்ற சொல்லைத் தாண்டி எனக்குப் பேனா நகரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள பேராசிரியருக்கு,

மலரை ஆறு மாதம் தள்ளிப்போட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது. அறையைத் தள்ளிப்போட முடியாது. அதனால் எழுதுவதை நிறுத்திவிட்டு முதலில் அந்த அலமாரிகளுக்குப் போங்கள். எழுத வேண்டியதும் அங்கிருந்துதான் கிடைக்கும்.

இதற்குக் கணித உலகில் ஒரு சம்பவம் உண்டு. கணிதமேதை ராமானுஜனின் குறிப்பேடுகளில் பல ஆண்டுகள் உழைத்த ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜி. என். வாட்சன் 1965இல் இங்கிலாந்தில் இறந்தார். அவரைப் பற்றி நினைவுக் கட்டுரை எழுதும்படி ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் ஜே. எம். விட்டேக்கர் என்ற கணிதவியலாளரைக் கேட்டது. விட்டேக்கர் வாட்சனின் மனைவிக்குக் கடிதம் போட்டார். அந்த அம்மா மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். சாப்பிட்ட பிறகு மகன் மாடி அறைக்குக் கூட்டிப்போனார். தரை முழுக்க ஓரடி உயரத்துக்குக் காகிதம். சில நாளில் எரிப்பதாக இருந்தார்கள். வாட்சன் எதையும் தூக்கிப் போடாதவர், அதனால் கைவிட்டு எடுத்தால் கணிதமும் வரும், பணம் கட்டிய ரசீதும் வரும், 1923ஆம் வருட வருமான வரிக் கணக்கும் வரும். அப்படி எடுத்த ஒரு கத்தையில்தான் ராமானுஜன் கடைசிக் காலத்தில் எழுதிய தாள்கள் இருந்தன. 1968 டிசம்பரில் ஆர். ஏ. ராங்கின் என்ற இன்னொரு கணிதவியலாளர் அவற்றைக் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்கு அனுப்பி வைத்தார். அங்கே போயும் அவை என்னவென்று உலகுக்குத் தெரியவில்லை. 1976இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. இன்று "காணாமல் போன குறிப்பேடு" என்கிறோமே, அது இதுதான். நினைவுக் கட்டுரைக்காக ஒருவர் வீட்டுக்குப் போனதால் தாள்கள் பிழைத்தன. இன்ன தாள் என்று வெளியே தெரியாததால் எட்டு வருடம் பெட்டியில் கிடந்தன. உங்களுக்கு இரண்டு வேலையும் இருக்கிறது.

முதல்வரிடம் வாய்மொழியாகக் கேட்காமல் எழுத்தில் மூன்று மாத அவகாசம் கேளுங்கள். மலருக்கான ஆவணங்களை வகைப்படுத்த வேண்டும் என்று காரணம் எழுதினால் பெரும்பாலும் கிடைக்கும். அதுவரை அலமாரிச் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். துறையில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் "சார் ஞாபகமா ஒரு புத்தகம்" என்று ஆளுக்கொன்று எடுத்தாலே ஒரு வாரத்தில் சேகரிப்பு கலைந்துவிடும். அதைவிட ஆபத்து, கல்லூரி ஆண்டாய்வுக்காகத் துப்புரவு செய்யும் நாள். பழைய பேப்பர் கடைக்குப் போன பிறகு அழுது பயனில்லை.

எதையும் தொடும் முன் ஒவ்வொரு தட்டையும் கைபேசியில் படம் எடுங்கள். அலமாரிக்கு எண், தட்டுக்கு எழுத்து: 1அ, 1ஆ, 1இ. அதையே பென்சிலால் சீட்டில் எழுதி, அந்தத் தட்டிலிருந்து எடுத்த கட்டுக்குள் வையுங்கள். எதன் பக்கத்தில் எது இருந்தது என்பதும் ஒரு தகவல். ஒரு கோயிலின் குறிப்பேடும் பாதி எழுதிய கட்டுரையும் அடுத்தடுத்து இருந்தால், அவர் எதை வைத்து எதை எழுதினார் என்று அந்த வரிசையே சொல்லும். பொருள்வாரியாக அடுக்குகிறேன் என்று முதல் நாளே கலைத்துவிட்டால் அது திரும்ப வராது.

அடுத்ததாக நூலகப் புத்தகங்களைப் பிரித்துவிடுங்கள். கல்லூரி முத்திரையும் பதிவெண்ணும் உள்ளவற்றை நூலகரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பணியில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்குப் போக வேண்டிய பணப்பலன்களுக்குப் பல கல்லூரிகளில் நிலுவையில்லாச் சான்று கேட்பார்கள். நாலு புத்தகத்துக்காக அக்காவை அலைய விடக்கூடாது. வெளி நூலகங்களில் இரவல் வாங்கியதும் இருக்கும், உள் அட்டையைப் பாருங்கள்.

இனி காகிதம். ரப்பர் பேண்டுகளை எல்லாம் கழற்றுங்கள். நம் ஊர் வெயிலில் அவை உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். குண்டூசியும் ஸ்டேப்பிள் பின்னும் துரு ஏற்றும். மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு வெள்ளைத் தாளை மடித்து உறைபோலப் போடுங்கள். கிழிசலுக்கு செலோ டேப் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். டேப்பின் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும், லேமினேஷனைப் பிரித்தெடுக்க முடியாது. பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கரையான் சுவரோரமாகத்தான் ஏறும். இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து மூலையில் போடலாம். மாதம் ஒரு முறை திறந்து பார்ப்பது அதைவிடப் பெரிய மருந்து.

அவரிடம் மைப்படிகள் இருந்திருக்குமே, அவற்றைத் தனியாகக் கவனியுங்கள். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுத்தது அது. கறுப்பில் வெள்ளையாகத் தெரியும் எழுத்து மட்டும் அதன் பயன் இல்லை. தாளின் மேடுபள்ளத்தில்தான் தேய்ந்த எழுத்தின் கடைசித் தடயம் இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால், மை ஏறிப்போன இடத்திலும் ஒரு கொம்போ சுழியோ நிழலாகத் தெரியும். மடிப்பு நீங்கட்டும் என்று இஸ்திரி போட்டாலோ, கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்தாலோ அந்தத் தடயம் தட்டையாகிவிடும். மடித்தே வைத்திருந்தால் அப்படியே விடுங்கள், புதிதாக மடிக்காதீர்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை அடைக்கும், பருத்தித் துணி போதும். பின்புறம் ஊர், கோயில், சுவர், தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பக்கத்தில் இருந்த குறிப்பேட்டோடு சேர்த்தே வையுங்கள். திருப்பணியில் மணல் வீச்சில் அடிபட்ட சுவர் என்றால், அந்தக் கல்வெட்டுக்கு அந்தத் தாள்தான் மிச்சம்.

குறிப்பேடுகளில் அவர் தனக்கென்று சுருக்கெழுத்து வைத்திருப்பார். "ம.ம.வ.சு.கு." என்று இருந்தால், மகாமண்டப வடபுறச் சுவர் குமுதப்படை (கோயில் அடித்தளத்தின் ஒரு கல் வரிசை) என்று நீங்கள் உடனே சொல்லிவிடுவீர்கள். இன்னும் பத்து வருடம் கழித்துப் படிப்பவருக்கு அது வெறும் எழுத்துக் கூட்டம். பதினேழு வருடம் எதிரில் இருந்தவர் என்பதால் இந்த ஒரு வேலையை உங்களைத் தவிர யாராலும் செய்ய முடியாது. ஒரே ஒரு பக்கம்: சுருக்கம், விரிவு. அதை எழுதி முதல் பெட்டியில் மேலாக வையுங்கள்.

கணினிக்கு வருவோம். பழைய தமிழ்க் கோப்புகள் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும், "கோப்பு கெட்டுப்போச்சு" என்று யாராவது அழித்துவிடுவார்கள். முதலில் அவருடைய கணினியிலேயே திறந்து ஒவ்வொன்றையும் பி.டி.எஃப். ஆக்குங்கள். எழுத்துருக் கோப்புகளையும் நகல் எடுங்கள். அதன் பிறகே என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், கிரந்த எழுத்தும் ஆண்டுக் குறிகளும் தொலையும். பி.டி.எஃப். இருந்தால் ஒப்பிட்டுத் திருத்தலாம். கையெழுத்துத் தாள்களை ஸ்கேன் செய்யும்போது 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), புகைப்படங்களுக்கு 600, எல்லாமே வண்ணத்தில். கைபேசிச் செயலிகளின் கறுப்பு வெள்ளை வடிகட்டி பென்சில் குறிப்பை முழுசாக விழுங்கிவிடும். அவர் முக்கியமானதைப் பென்சிலில்தான் எழுதியிருப்பார்.

யாருக்குக் கொடுப்பது என்பது பிறகு. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் இறந்தபின் அவர் சேர்த்தவை சிதறாமல் மொத்தமாக வாங்கப்பட்டன. அதனால்தான் 1994இல் அவர் பெயரிலேயே சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் வர முடிந்தது. எல்லாச் சேகரிப்புக்கும் அப்படி வாய்க்காது. நூலகங்களுக்கு இடம் இல்லை, ஏற்கெனவே இருக்கும் புத்தகத்தை வாங்க மாட்டார்கள். பட்டியலை அனுப்பிக் கேட்டுவிட்டுப் பெட்டியை அனுப்புங்கள். ஓரங்களில் அவர் குறிப்பெழுதிய பிரதிகளையும், குறிப்பேடுகளையும், மைப்படிகளையும் பிரிக்காமல் ஒரே இடத்துக்குக் கொடுங்கள். மீதிப் பாடப்புத்தகங்கள் மாணவர்களுக்குப் போகட்டும். எதை எடுக்கும் முன்னும் அக்காவிடமும் பிள்ளைகளிடமும் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தப் பொருள், யாருக்கு, எதற்காக, பதிப்பிக்க அனுமதி உண்டா. "எடுத்துக்கோங்க" என்று துக்கத்தில் சொன்ன வார்த்தையை ஆவணமாகக் கொள்ளக்கூடாது. பதிப்புரிமை, அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அறுபது வருடம் வாரிசுகளுக்கு உரியது. மற்றவர்கள் அவருக்கு எழுதிய கடிதங்களில் காகிதம்தான் இவர்களுடையது. உள்ளே இருக்கும் எழுத்து எழுதியவருடையது. மலரில் போட அவர்களைக் கேட்க வேண்டும்.

இப்போது உங்கள் பேனாவுக்கு வருகிறேன். "பெருந்தன்மையானவர்" என்பதைத் தாண்ட முடியாததற்குக் காரணம், அது முடிவாக வர வேண்டிய சொல். அதை முதலில் எழுதிவிட்டால் பிறகு சொல்ல ஒன்றும் இருக்காது. அந்தச் சொல்லை முழுக்கவே விலக்கி வையுங்கள். யாருக்கு, எப்போது, எதைக் கொடுத்தார் என்று மட்டும் தேடுங்கள்.

தேட வேண்டிய இடம் அவருடைய தன்விவரக் குறிப்பு அல்ல. கொடுத்தவரின் பட்டியலில் கொடுத்தது இருக்காது, வாங்கியவர்களின் நன்றியுரையில் இருக்கும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஆய்வேடுகள் பகுதி பகுதியாக ஏற்றப்பட்டிருக்கும், பலவற்றில் நன்றியுரை தனிக் கோப்பாகவே இருக்கும். உங்கள் பல்கலைக்கழகத்தின் வரலாறு, தமிழ், தொல்லியல் துறைகளில் இருபது வருட ஆய்வேடுகளின் அந்தக் கோப்பை மட்டும் திறந்து பாருங்கள். அவர் நெறியாளராக இல்லாத ஆய்வேடுகள்தான் உங்களுக்கு முக்கியம். அடுத்து அடிக்குறிப்புகள். "இக்கல்வெட்டைத் தெரிவித்து உதவியவர்" என்று அவர் பெயர் எங்கெல்லாம் வருகிறது? கல்வெட்டுத் துறையில் இதைவிடப் பெரிய கொடை கிடையாது. அச்சில் வராத ஒரு கல்வெட்டைக் கண்டவர், அதைத் தன் பெயரில் வெளியிடும் வாய்ப்பை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று அர்த்தம். துறைக்கு வெளியே இருக்கும் வாசகருக்கு இது புரியாது. நீங்கள் இரண்டு வரியில் விளக்கினால் புரியும், அதன்பின் பாராட்டுச் சொல்லே தேவைப்படாது.

ஆட்களிடம் பேசும்போது "சார் எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள். "தங்கமான மனுஷன்" என்பார்கள், உரையாடல் முடிந்துவிடும். "கடைசியாக உங்களுக்கு என்ன கொடுத்தார்?", "அவர் திருத்திய தாள் இன்னும் இருக்கிறதா?", "எந்த விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகவில்லை?" என்று கேளுங்கள். சிவப்பு மை போட்ட பக்கம் ஒன்று கிடைத்தால், அதை மலரில் முழுப்பக்கப் படமாகப் போட்டு, எதிர்ப்பக்கத்தில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் குறிப்பெழுதுங்கள். ஆட்சியாண்டைச் சரிபார்க்கச் சொல்லி எங்கே வட்டம் போட்டார், மாணவர் துணிந்து சொன்ன ஊகத்தை எங்கே தொடாமல் விட்டார், எங்கே வெறும் கேள்விக்குறி. நாற்பது புகழுரையை விட அந்த இரண்டு பக்கம் அவரை அதிகம் காட்டும். "அறிவைப் பகிர்வதில் வள்ளல்" என்ற வரியை எந்தப் பேராசிரியருக்கும் ஒட்டலாம், ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சில எச்சரிக்கைகள். பிறந்த தேதியை வீட்டில் கேட்டு உறுதி செய்யுங்கள். அந்தத் தலைமுறையில் பள்ளிச் சான்றிதழ்த் தேதியும் உண்மையான தேதியும் பலருக்கு வேறு. எதைப் போடுகிறீர்கள் என்று நீங்கள் தெரிந்து போட வேண்டும். இறப்பின் காரணத்தைக் குடும்பம் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். யாருக்காவது கட்டணம் கட்டியிருந்தால், அந்த மாணவரே சொல்ல முன்வராதவரை பெயர் வேண்டாம். கொடுத்தவர் மறைத்ததை நாம் அச்சில் ஏற்றினால் வாங்கியவருக்குத்தான் கூச்சம். அவர் கெடுவைத் தாண்டுபவர், தன் புத்தகத்தை முடிக்காமலே போனவர் என்றால் அதையும் எழுதுங்கள். அடுத்தவர் கட்டுரைகளுக்குப் போன மணிநேரங்கள்தான் அந்தப் புத்தகம் என்று வாசகரே கணக்குப் போடுவார். எழுதி முடித்ததும் "நான்", "என்னை", "எனக்கு" ஆகியவற்றைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பக்கத்துக்கு மூன்றுக்கு மேல் வந்தால் மலரின் நாயகர் மாறிவிட்டார்.

மலரைப் பதினாறாம் நாளுக்கோ முப்பதாம் நாளுக்கோ அவசரப்படுத்தாமல் விட்டது நல்லதாயிற்று. முதலாமாண்டு நினைவு நாளை வைத்துக்கொள்ளுங்கள். எட்டு அல்லது பத்துப் பேரிடம் ஆளுக்கு அறுநூறு சொல் கேளுங்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பொருள் கொடுத்து. ஒருவர் களப்பயணம், ஒருவர் வகுப்பு, ஒருவர் அவர் படித்த ஒரு கல்வெட்டின் வாசிப்பு. பொருள் கொடுக்காமல் கேட்டால் பத்துப் பேரும் ஒரே கட்டுரையை எழுதி அனுப்புவார்கள். கடைசியில் அவருடைய முழு வெளியீட்டுப் பட்டியல், ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பக்க எண் சரிபார்த்தது.

பாதியில் நிற்கும் கட்டுரையில் பெயர் வரிசையை மாற்றாதீர்கள். இதழாசிரியருக்கு முதலில் எழுதித் தெரிவியுங்கள். இறந்த ஆசிரியரின் பெயருக்குப் பக்கத்தில் சிலுவைக்குறி (†) போட்டு, கீழே மறைந்த தேதியைத் தருவது வழக்கம். தொடர்புக்குரிய ஆசிரியர் நீங்கள்தான். அவர் பார்த்து ஒப்புக்கொண்ட வரைவு எது, அதன்பின் நீங்கள் சேர்த்தது எது என்று ஒரு குறிப்பில் சொல்லிவிடுங்கள். அவர் வாசிப்பில் சந்தேகம் வந்தால் மைப்படியிலோ சுவரிலோ மறுபடி பாருங்கள், பழக்கத்தில் அவர் சொன்னதே சரி என்று விட்டுவிடாதீர்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. அச்சிடும் கல்வெட்டு வாசகத்தில் சதுர அடைப்புக்குறி ஏற்கெனவே சிதைந்த எழுத்துக்கு உரியது. உங்கள் சேர்க்கைகளையும் அதே குறிக்குள் போட்டால், கல் சிதைந்ததா கட்டுரை முடியாததா என்று யாருக்கும் தெரியாது. வேறு அடைப்பு வைத்து, முதல் அடிக்குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆய்வு மாணவர்கள் இருவரும் நெறியாளர் மாற்றத்துக்கு உடனே விண்ணப்பிக்கட்டும். இறப்புச் சான்றின் நகல், பதிவு ஆணை, ஆய்வுக்குழுக் கூட்டக் குறிப்புகள், இதுவரை முடித்த வேலையைப் பற்றி இரண்டு பக்கம், ஏற்றுக்கொள்பவரின் சம்மதக் கடிதம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு மாணவர்தான். அதனால் இடம் இருக்கும் ஒருவரை முதலில் கண்டுபிடியுங்கள், உங்களுக்கே தகுதியும் இடமும் இருக்கலாம். புது நெறியாளருக்கு வசதி என்று தலைப்பை மாற்ற வற்புறுத்தினால் நீங்கள் நடுவில் நில்லுங்கள். பதிவுக் காலம் ஓடிக்கொண்டே இருக்கும்.

அறக்கட்டளைச் சொற்பொழிவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது மேடையில் அறிவித்துவிடுவார்கள். கணக்கைப் பாருங்கள். ஐந்து லட்சம் மூலதனம், ஏழு சத வட்டி என்றால் வருடத்துக்கு முப்பத்தைந்தாயிரம். அதில் கால் பங்கை மூலதனத்தோடு சேர்க்காவிட்டால் பத்து வருடத்தில் பேச்சாளரின் ரயில் டிக்கெட்டுக்கே திண்டாடும். பத்தாயிரம் ரூபாயில் தொடங்கி, இன்று எழுநூறு ரூபாய் வட்டியோடு பதிவேட்டில் மட்டும் வாழும் அறக்கட்டளைகள் நம் கல்லூரிகளில் கணக்கில்லை. அவ்வளவு திரளாது என்றால், வருடம் இரண்டு மாணவர்களுக்குக் களப்பயணச் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் கட்டணம், மைப்படித் தாள், மை, ஒரு வேளைச் சாப்பாடு. பொன்னாடை தேவையில்லை. இவருக்கு அதுதான் பொருத்தமாகவும் இருக்கும்.

இதில் எதற்கும் முன்னால், இன்றே அக்காவைக் கூப்பிட்டு ஒன்று சொல்லுங்கள். சாருடைய கைபேசி எண்ணை ரத்து செய்ய வேண்டாம், ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்கட்டும். மின்னஞ்சல், ஆய்வுத் தளங்கள் எல்லாவற்றுக்கும் கடவு எண் அந்தக் கைபேசிக்குத்தான் வரும். இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம். கல்லூரி மின்னஞ்சலை அலுவலகம் அதற்கு முன்பே மூடிவிடும். அப்படியே, வீட்டில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இப்படிக் கொடுப்பவர்களிடம் பெரும்பாலும் ஒன்று இருக்கும்: யாரிடம் எந்தப் புத்தகம், எந்தக் குறிப்பேடு, எந்தத் தேதி. அது கிடைத்தால், மலருக்கு யார் யாரைக் கேட்பது என்ற பட்டியலும் உங்களுக்குக் கிடைத்துவிடும்.